சும்மா இருக்கும் வித்தை

உபாத்தியாயர் கை ஒரு நிமிஷமும் சும்மா இராது. சாக்குக்கட்டி இல்லாவிட்டால் சிவப்புப் பேனாவைத் தேடும். அதுவும் அகப்படாவிட்டால் எதிரே நிற்கும் பையனுடைய சட்டைப் பொத்தானையாவது மாற்றிப் போட்டுவிடும். கல்யாணப் பத்திரிகை வந்தால், மணமக்களின் பெயரைப் படிப்பதற்கு முன்னால் ஒற்றுப் பிழைகளைத் திருத்திவிட்டுத்தான் மறு காரியம் என்று நம்மைப் பற்றி வீட்டில் ஒரு புகார் உண்டு. புகார் வாஸ்தவந்தான். இருபது வருஷத்துக்கு மேல் பழகிய கை, என்ன செய்வது?

இப்படிப்பட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பதற்கு, நாற்பத்தைந்தாவது வயதில், ஆறு சனிக்கிழமை பயிற்சிக்குப் போய் வந்தோம் என்று சொன்னால் வாசகர்கள் சிரிப்பார்கள். சும்மா இருப்பதற்குப் பயிற்சியா என்று கேட்பார்கள். நாமும் அப்படித்தான் கேட்டோம். ஆனால் திருச்சுழியில் 1879-ஆம் வருஷம் பிறந்த ஒரு பாலகன் பிற்காலத்தில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியாக விளங்கி, பேசாமல் இருந்தே உபதேசம் செய்தார் என்பதை உலகம் அறியும். அந்த ஊருக்குப் பத்து மைல் சுற்றளவில் குடியிருந்தும், சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வித்தை என்பது நமக்கு இத்தனை நாள் கழித்துத்தான் தெரிந்தது.

நாம் இருப்பது விருதுநகர் ஜில்லாவில், அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட கரிசல் சீமையில். வழியெல்லாம் பச்சையாகத் தெரிவதைப் பயிர் என்று வெளியூர்க்காரர்கள் மயங்கிவிடக் கூடாது. பெரும்பாலும் சீமைக் கருவேலந்தான். மழை பெய்தால் இந்த மண் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. பெய்யாவிட்டால் கால் நுழையும்படி வெடித்துக் கிடக்கும். குண்டாறு என்று ஒரு நதி உண்டு. வருஷத்தில் பல மாதம் அதில் ஓடுவது மணல்தான். அருப்புக்கோட்டை நெசவுத் தெருக்களில் கைத்தறிச் சத்தம் தேய்ந்து விசைத்தறிச் சத்தம் ஓங்கிவிட்டது. இந்த ஊரில் போய்க் கலைக்கூடம் என்று ஆரம்பித்தால் ஜனங்கள் என்ன சொல்வார்கள்? “தண்ணிக்குக் குடத்தைத் தூக்கிக்கிட்டு அலையிறோம், படம் போடுறதுதான் இப்பக் குறைச்சலா?” என்பார்கள். அப்படியே சொல்லவும் சொன்னார்கள். அதற்குக் கிடைத்த பதிலைப் பின்னால் தெரிவிக்கிறோம்.

முதலில் ஒரு பழைய கதையைச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் இந்தப் பயிற்சிக்கு நாம் ஏன் போனோம் என்பது விளங்காது.

பதினைந்து வருஷத்துக்கு முன் நம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பிறவியிலேயே மூளையில் நேர்ந்த சேதத்தால் அவனுடைய வலக்கையும் வலக்காலும் சொன்னபடி கேளா. இடக்கையால் எழுதுவான், எழுத்து நடுங்கும். தகப்பனார் கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். பள்ளிக்கூடக் கண்காட்சிக்காகப் பையன் ஒரு படம் எழுதிக் கொண்டுவந்தான். மண் பூசிய மூட்டம் ஒன்று. அதிலிருந்து கிளம்பிய புகை காகிதம் முழுதும் பரவி, ஓரத்தில் நின்ற மனிதனைக்கூட மூடியிருந்தது. கோடுகள் எல்லாம் நடுங்கிக் கொண்டிருந்தன.

நம் கைதான் சும்மா இராதே! கண்காட்சிக்கு முந்திய நாள் சாயந்திரம் அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மூட்டத்தின் விளிம்பை நேராக்கினோம். புகையில் பாதியை அழித்தோம். வெற்றிடம் வந்துவிட்டதே என்று மேலே வட்டமாக ஒரு சூரியனையும், இரண்டு தென்னை மரங்களையும் வைத்தோம். கரிமூட்டத்தின் பக்கத்தில் தென்னை மரத்தை யார் கண்டது? ஆனால் படம் ‘லட்சணமாக’ ஆகிவிட்டது. முதல் பரிசும் கிடைத்தது. ஒரு எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா.

மேடையில் பெயரைக் கூப்பிட்டார்கள். பையன் மெல்ல நடந்து வந்து, டப்பாவைக் கையில் வாங்காமலே, “அது சார் போட்ட படம்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அடக்கமான பிள்ளை என்று ஒரு பெரியவர் மெச்சினார். டப்பா பெஞ்சியின் மேலேயே கிடந்தது. பையன் அதன் பிறகு நம் எதிரில் ஒரு கோடு கூட இழுத்தது கிடையாது. பத்தாவது முடிந்ததும் தகப்பனாரோடு கரி வேலைக்குப் போய்விட்டான். அந்த டப்பா இன்றும் நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. யாருக்கும் அதில் சாப்பாடு கட்ட மனம் வரவில்லை.

நிற்க. வட்டார வள மையத்தில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியை ஒருவர் நமக்குத் தெரிந்தவர். போன வருஷம் அவர் ஒரு யோசனையோடு வந்தார். “பள்ளி வயசு வரைக்கும் எங்களிடம் வருகிறார்கள், சார். பதினெட்டு வயசு ஆனதும் வீட்டுத் திண்ணைதான் கதி. அவர்களுக்கும் சேர்த்து, ஊரில் யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து படம் போடவும், நூலைச் சுற்றவும், மண்ணைப் பிசையவும் ஓர் இடம் வேண்டும். அவர்களுக்கு மட்டும் என்று தனியாக வேண்டாம், எல்லோருக்குமாக இருக்கட்டும்” என்றார். நெசவுத் தெருவில் தறிகளை விற்றுவிட்டுக் கொட்டகையைச் சும்மா போட்டு வைத்திருந்த தாத்தா ஒருவர் இடம் கொடுத்தார். இடம் கிடைத்தது; ஆனால் அங்கே வருகிறவர்களுக்குப் பக்கத்தில் இருந்து ஒத்தாசை செய்ய ஆட்கள் வேண்டுமே? அந்த ஆட்களைத் தயார் செய்வதற்குத்தான் ஆறு சனிக்கிழமை.

நாங்கள் பதினொரு பேர் சேர்ந்தோம். கல்லூரிப் பெண்கள் இருவர், அச்சடித்த பிளெக்ஸ் பலகை வந்ததால் தொழில் போன சுவரெழுத்து ஓவியர் ஒருவர், தையற்கார அம்மாள், ஓய்வு பெற்ற தபால்காரர், தாய்மார் சிலர், கொட்டகைக்கார நெசவாளித் தாத்தா, கடைசியாக நாம். எங்களை என்னவென்று அழைப்பது என்பதிலேயே முதலில் தர்க்கம் எழுந்தது. ஆசிரியர் என்றால் கற்பிக்க வேண்டும். வழிகாட்டி என்றால் வழியைக் காட்ட வேண்டும். இங்கே இரண்டும் கூடாது என்றார் சிறப்பாசிரியை. தாத்தாதான், “தொணையாள்னு வச்சுக்கிடுங்க. பாவு ஓட்டுறதுக்கு ஒருத்தன் கூட நிக்கான்ல, அது மாதிரி” என்றார். துணையாள் என்றே நிலைத்துவிட்டது.

பயிற்சி கொடுத்தவர்கள் மூவர். சிறப்பாசிரியை ஒருவர், சக்கர நாற்காலியில் வரும் ஓர் அம்மாள், பிறவியிலேயே பார்வை இல்லாத ஓர் இளைஞர். முதல் நாளே கொட்டகை வாசலில் அந்த அம்மாளின் நாற்காலி நின்றுவிட்டது. அரை அடி உயரப் படி. ஓவியரும் தபால்காரரும் ஓடிப்போய் நாற்காலியோடு அவரைத் தூக்கப் போனார்கள். “என்னைத் தூக்க வேண்டாம்ணே, படியைத் தூக்குங்க” என்றார் அம்மாள். அன்றைய பாடம் அங்கேயே ஆரம்பமாகி அங்கேயே முடிந்தது. ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குலச் சரிவு என்பது கணக்கு. ஆகவே அரை அடிப் படிக்கு ஆறு அடிப் பலகை. பழைய தறிக்கட்டைகளைக் கொண்டு மத்தியானத்துக்குள் சரிவு போட்டாயிற்று. அம்மாள் தாமாகவே உள்ளே வந்தார். படம் என்ற பேச்சே அன்று எடுக்கவில்லை.

இரண்டாவது வாரம் வாயைப் பழக்கினார்கள். ஒருவரைப் பார்த்து, “இவருக்கு டீ வேண்டுமா?” என்று பக்கத்தில் நிற்கும் தாயாரைக் கேட்கிறோம் அல்லவா? அது கூடாது. அவரையே கேட்க வேண்டும். கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். சிலருக்குப் பதில் நாக்குக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். நாம் மூன்று எண்ணுவதற்குள் மறு கேள்வி போட்டுவிட்டால் பாதி வழியில் வந்த பதில் திரும்பிப் போய்விடும். வகுப்பில் கேள்வி கேட்டு நாம் எத்தனை எண்ணிக்கை பொறுத்திருந்தோம் என்று அன்றிரவு யோசித்துப் பார்த்தோம். தூக்கம் வரவில்லை.

கல்லூரிப் பெண்களில் ஒருத்தி, எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொண்டு படம் எழுதிப் பார்க்கலாமே, பார்வை இல்லாதவர்களின் கஷ்டம் புரியும் என்றாள். பார்வை இல்லாத இளைஞர் சிரித்தார். “கண்ணைக் கட்டிக்கிட்டு அஞ்சு நிமிசம் தடுமாறினா உங்களுக்குப் பயம் என்னன்னு தெரியும், தங்கச்சி. நான் எப்படி இருக்கேன்னு தெரியாது. அதுக்கு என்னையக் கேட்டாப் போதுமே!” என்றார்.

மூன்றாவது, நான்காவது வாரங்களில் சாமான்கள். இதில்தான் எங்களுக்கு உற்சாகம் பிறந்தது. விரல் மடங்காத கைக்காகத் தூரிகைக் காம்பில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிப்பாக்கினோம். ஒற்றைக் கையால் எழுதுகிறவருக்குக் காகிதம் நழுவாமல் இருக்க அடியில் ஈரத் துணி விரித்தோம். பலகையில் கவ்வி வைத்தோம். பார்வை இல்லாதவர் தடவிப் பார்ப்பதற்காகக் கெட்டிப் பசையால் கோடு இழுத்து உலரவிட்டோம். சத்தம் தாளாதவர்களுக்கு ஒரு மூலையில் பழைய சேலையைத் திரையாகக் கட்டினோம். பத்து வர்ணத்தை எதிரே பரப்பித் திகைக்க வைப்பதைவிட, மூன்றை வைத்துவிட்டு மற்றவற்றைக் கேட்டால் கொடுப்பது நல்லது என்று கற்றோம்.

ஒரு துணையாள் அந்த இளைஞருக்கு நீல நிறத்தை எடுத்துக் கொடுத்து, “ஆகாசம் மாதிரி இருக்கும்” என்றார். “ஆகாசத்தை நான் பார்த்ததில்லையே, அக்கா” என்று அவர் சொன்னதும் அந்த அம்மாளுக்கு முகம் சுண்டிப் போயிற்று. அவரோ வருத்தப்படாமல் ஒரு காரியம் செய்தார். ஒரு கிண்ணத்து வர்ணத்தில் குண்டாற்று மணலைச் சலித்துப் போடச் சொன்னார், இன்னொன்றில் கரித்தூள், மற்றொன்றில் மரத்தூள், நான்காவதை வழவழப்பாகவே விட்டுவிட்டார். இப்போது எது எந்த நிறம் என்பது அவருடைய விரலுக்குத் தெரியும். பார்வை உள்ள நாங்களும் அதன் பிறகு படத்தைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தோம்.

இந்த இடத்தில் வங்காளத்துச் சைத்ரிகர் வினோத பிஹாரி முகர்ஜியை நினைக்காமல் இருக்க முடியாது. சாந்திநிகேதனத்தில் நந்தலால் போஸின் சீடர். சிறு வயதிலிருந்தே கண் பலவீனம். 1956-இல் நடந்த சிகிச்சைக்குப் பிறகு பார்வை முற்றிலும் போயிற்று. அவர் ஓய்ந்து உட்காரவில்லை. காகிதத்தை வெட்டியும் ஒட்டியும் சித்திரம் செய்தார். களிமண்ணில் உருவங்கள் செய்தார். 1972-இல் கலாபவனச் சுவரில் ஓடுகளால் பெரிய சித்திரம் ஒன்றை அமைத்தார். அவரிடம் பயின்ற சத்யஜித் ராய் அதே வருஷம் அவரைப் பற்றி ஒரு படம் எடுத்தார். சுவர்ச் சித்திர வேலையில் உதவியாளர் கைகளும் இருந்தன. ஆனால் அந்தச் சித்திரம் உதவியாளருடையது என்று எவரும் சொல்வதில்லை. எது எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானித்த மனம் அவருடையது. துணையாளின் எல்லை எது என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் வேண்டியதில்லை.

ஐந்தாவது வாரந்தான் நமக்குச் சோதனை. வெளியிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். துணையாட்கள் ஒவ்வொருவரும் ஒருவர் பக்கத்தில் அரை மணி நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். “அழகாயிருக்கிறது” என்று சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த கோடு நம்மைத் திருப்தி செய்வதற்காக விழும். “இது என்ன?” என்றும் கேட்கக் கூடாது, எல்லாம் எதுவாகவோ இருந்துதான் தீர வேண்டுமா? கேட்டால் உதவலாம், பேச வேண்டுமானால் கண்ணால் கண்டதை மட்டும் சொல்லலாம்: “மேலேயிருந்து தொடங்கியிருக்கிறீர்கள்”, “சிவப்பு இரண்டு இடத்தில் வந்திருக்கிறது” என்பது போல.

நம் பக்கத்தில் உட்கார்ந்தவள் இருபது வயதுப் பெண். பிறவியிலேயே டவுன் நோய்க்குறி உள்ளவள். ஊதா வர்ணத்தை எடுத்தாள், காகிதத்தில் பூசினாள். பூசினாள், பூசினாள், பூசிக்கொண்டே இருந்தாள். இடது ஓரம் முடிந்தது, நடு முடிந்தது, வலது ஓரத்தை நோக்கித் தூரிகை போயிற்று. நமக்கு உள்ளங்கை அரித்தது. ஓரத்தில் ஒரு விரற்கடையாவது வெள்ளை விட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும்! நம்மை அறியாமலே ஆட்காட்டி விரல் நீண்டு காகிதத்தின் ஓரத்தைத் தொட்டுவிட்டது.

தூரிகை நின்றது. அந்தப் பெண் நம் விரலைப் பார்த்தாள். பிறகு நம் முகத்தைப் பார்த்தாள். தப்புச் செய்துவிட்டோமோ என்று கேட்கிற பார்வை. பதினைந்து வருஷத்துக்கு முந்திய மேடையில் நின்றது போல் இருந்தது நமக்கு.

பின்னால் இருந்த நெசவாளித் தாத்தா குனிந்து மெதுவாகச் சொன்னார்: “வாத்தியாரையா, நாடா அவ கையிலல்லா இருக்கு!”

விரலை எடுத்துக்கொண்டோம். “தப்பு நம்முடையது, அம்மா” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னோம். அவள் பத்து எண்ணும் நேரம் யோசித்தாள். பிறகு ஓரம் வரையில் ஊதாவைப் பூசி முடித்தாள். முடித்துவிட்டு, காய்ந்துகொண்டிருந்த அந்த ஊதாவின் நடுவில் விரல் நுனியால் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தாள். அது எதற்காக என்று நமக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அன்று மாலை தாத்தாவிடம் நம் மனக் குறையைச் சொன்னோம்: “ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பது அலட்சியம் ஆகாதா?” அவர் சொன்ன பதிலை அவருடைய வார்த்தையிலேயே தருகிறோம்: “எங்கிட்டத் தொழில் பழகின பயலுவ பத்திருவது பேரு. பாவை நான் ஒழுங்கா நீட்டிக் குடுப்பேன். தார் சுத்தி எடுத்து வைப்பேன். வெளிச்சம் விழுதான்னு பாப்பேன். எழை அறுந்தா முடிச்சுப் போடக் காட்டுவேன். அறுந்திருமோன்னு பயந்து முன்னாலேயே கையை வைக்க மாட்டேன். வச்சா அவன் நெய்யவே மாட்டான்.” கரிசல் விவசாயியும் இதைத்தான் செய்கிறான். கோடையிலே உழுது போடுகிறான், மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைக்கிறான், பிறகு காத்திருக்கிறான். முளை வந்ததா என்று தினம் தோண்டிப் பார்க்கிறவன் வெள்ளாமை எடுத்ததில்லை. சரிவுப் பலகையும், தடித்த காம்பும், ஈரத் துணியும், திரை கட்டிய மூலையும் எங்களுடைய உழவு. அதற்கு மேல் காத்திருப்பு.

தாத்தாவுக்கு ஒரு கதை சொன்னோம். அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்து ஓக்லாந்து நகரில், எலியாஸ் காட்ஸ் என்ற மனோதத்துவ நிபுணரும் அவர் மனைவியும் ஓவியருமான புளோரன்ஸும் 1974-இல் ஒரு கலைக்கூடம் தொடங்கினார்கள். கிரியேட்டிவ் குரோத் என்று பெயர். மனவளர்ச்சியில் வேறுபாடு உள்ள பெரியவர்கள் அங்கே வந்து வேலை செய்வார்கள்; துணை நிற்பவர்கள் வைத்தியர்கள் அல்ல, கலைஞர்கள். அங்கே 1987-இல் ஜூடித் ஸ்காட் என்ற அம்மாள் வந்து சேர்ந்தார். 1943-இல் இரட்டைப் பிள்ளையாகப் பிறந்தவர், டவுன் நோய்க்குறி, காதும் கேளாது, பேச்சும் இல்லை. ஏழு வயதில் வீட்டை விட்டு விடுதியில் அடைக்கப்பட்டு, முப்பத்தைந்து வருஷம் அங்கேயே கழித்தார். காது கேளாது என்பதைக்கூட வெகு காலம் யாரும் கண்டறியவில்லை. கூடப் பிறந்த சகோதரிதான் பிறகு அவரை மீட்டு அழைத்து வந்தார்.

கலைக்கூடத்திலும் முதலில் அவர் பென்சிலால் ஏதோ வட்டங்களைப் போட்டுக்கொண்டு, பற்றில்லாமல் இருந்தார். ஏறக்குறைய இரண்டு வருஷம்! நம் பள்ளிக்கூடமாக இருந்தால் இரண்டு வாரத்தில் ‘பிரயோஜனம் இல்லை’ என்று எழுதி அனுப்பியிருப்போம். அங்கே அனுப்பவில்லை, வற்புறுத்தவும் இல்லை. ஒரு நாள் நூல் வேலைக் கலைஞர் ஒருவர் நடத்திய வகுப்பில் ஜூடித் நூலை எடுத்தார். அகப்பட்ட பொருளையெல்லாம் நடுவில் வைத்து, நூலாலும் துணியாலும் சுற்றிச் சுற்றிப் பெரிய உருவங்களாக ஆக்கினார். 2005-இல் இறக்கும் வரையில் அந்த வேலை நிற்கவில்லை. இருநூறுக்கு மேற்பட்ட உருவங்கள். 2014-இல் நியூயார்க்கின் புரூக்ளின் மியூசியம் அவற்றைத் தனிக் கண்காட்சியாக வைத்தது.

“ரெண்டு வருசம் பொறுத்திருக்காளே, அவ பெரிய ஆளுதான்” என்றார் தாத்தா. நூல் சுற்றிய அம்மாளையா, காத்திருந்த துணையாளையா, யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. அடுத்த வாரம் ஒரு கூடை நிறையக் கழிவு நூல் கொட்டகைக்கு வந்துவிட்டது.

ஆறாவது வாரம் காசும் நியாயமும். செய்த பொருள் செய்தவருக்குச் சொந்தம். அவர் சம்மதம் இல்லாமல் சுவரில் மாட்டக் கூடாது. பெயர் போட வேண்டும். விற்றால் பணம் அவருக்குப் போக வேண்டும். ஓக்லாந்து கலைக்கூடத்தில் விற்ற தொகையில் பாதி கலைஞருக்கு, பாதி கூடத்துக்கு. “பாவம், இவர்களும் படம் போடுகிறார்கள், பாருங்கள்” என்று உண்டியல் வைக்கிற கண்காட்சி வேண்டவே வேண்டாம் என்றார் சக்கர நாற்காலி அம்மாள். இந்தியா 2007-இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, மாற்றுத்திறனாளிகளின் கலைத்திறன் அவர்களுடைய நன்மைக்காக மட்டுமல்ல, சமூகம் செழிப்பதற்காகவும் வளர வேண்டும் என்று சொல்லுகிறது. நம் நாட்டின் 2016-ஆம் வருஷச் சட்டமோ, கலைப் பாடங்களையே அவர்கள் பங்கெடுக்கும்படியாகத் திருத்தி அமைக்கச் சொல்லுகிறது. ஆகையால் இது தர்மம் அல்ல, பாத்தியதை.

துணையாளுக்கும் வயிறு உண்டு. சுவரெழுத்து ஓவியர் சனிக்கிழமைக் கூலியை விட்டுவிட்டு வருகிறார். சேவை, தியாகம் என்று பேசி எத்தனை வாரம் அவரை நிறுத்தி வைக்க முடியும்? ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்து அவருக்கும் தையற்கார அம்மாளுக்கும் ஒரு தொகை கொடுக்கிறோம். போதாதுதான். இப்படிப்பட்ட கூடங்கள் பல ஊர்களில் நிலைத்து நிற்க வேண்டுமானால், துணையாள் வேலை சம்பளமுள்ள தொழிலாக வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

தண்ணீருக்கே வழியில்லாத ஊரில் படம் எதற்கு என்ற கேள்வியை மறந்துவிடவில்லை. தெருவில் அதைக் கேட்ட ஒருவரிடம் தாத்தா திருப்பிக் கேட்டார்: “உடம்பை மறைக்கச் சேலை போதும், கரை எதுக்கு? கரையில்லாத சேலையை உம் மகளுக்குக் கட்டிக் குடுப்பியா? பஞ்சத்துல என்னைக்காவது வாசல்ல கோலம் போடாம இருந்தாளா உங்காத்தா?” கேட்டவர் பேசாமல் போய்விட்டார். அடுத்த மாதம் தம் தமக்கையை அழைத்து வந்தார். காலில் பலம் இல்லாமல் பதினொரு வருஷமாகத் திண்ணையை விட்டு இறங்காதவர்.

பொங்கல் முடிந்து ஒரு சாயந்திரம், செய்தவர்களின் சம்மதத்தோடு வேலைகளைக் கொட்டகையிலேயே வைத்து ஊரைக் கூப்பிட்டோம். பரிசு கிடையாது. ஊதாப் படத்துக்குக் கீழே அந்தப் பெண்ணின் பெயரை அவளே எழுதியிருந்தாள். இருட்டும் சமயத்தில், வலக்காலை இழுத்து நடந்தபடி ஒருவர் வாசலில் வந்து நின்றார். சட்டையில் கரி. பார்த்ததும் தெரிந்துவிட்டது.

சரிவுப் பலகையைப் பார்த்தார். உள்ளே வந்து ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்றார். பேசவில்லை. நம்மிடம் வந்து, “இதுல சார் கை எங்க இருக்கு?” என்று கேட்டார்.

“எங்கேயும் இல்லை, தம்பி” என்றோம். சொல்ல வேண்டியது இன்னும் எவ்வளவோ இருந்தது. டப்பாவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தோம். அதற்குள் அவர், “நெசமா திருத்தலையே?” என்றார். “இல்லை. ஒரு தடவை விரல் போயிற்று, எடுத்துக்கொண்டோம்” என்றோம். அவர் சிரித்தாரா இல்லையா என்று இருட்டில் தெரியவில்லை. “வாரேன் சார்” என்று போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வந்து உட்கார்ந்து படம் எழுதினார் என்று இந்தக் கட்டுரையை முடிக்க ஆசைதான். வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஆனால் மாதம் ஒருமுறை கொட்டகை வாசலில் ஒரு சின்னச் சாக்கு வந்து சேருகிறது. உள்ளே, விரல் மொத்தத்துக்குப் பொறுக்கி எடுத்த கருவேலங் கரிக்குச்சிகள், ஒன்றுகூட உடையாதவை, படம் எழுதுவதற்கென்றே சுட்டவை. பணம் கொடுத்தனுப்பினால் திரும்பி வந்துவிடுகிறது.

வாசலுக்கு எதிரே ஓர் இடத்தைக் காலியாக வைத்திருக்கிறோம். இடக்கைக்கு வசதியாகக் கவ்வியை இடப்புறம் மாற்றிய ஒரு பலகையும் அங்கே இருக்கிறது. கூப்பிட்டு ஆள் அனுப்பலாமா என்று கை துறுதுறுக்கிறது. தாத்தா வேண்டாம் என்கிறார். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.